‘மெக்சிகன் கோதிக்’ நாவலில் காளான் எதைச் சுட்டுகிறது?

முதுநகர் வாசகி, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்குச் சில்வியா மொரேனோ-கார்சியாவின் ‘மெக்சிகன் கோதிக்’ நாவலை எடுத்துக்கொண்டிருக்கிறோம். தொடக்கவுரை என் பொறுப்பு. 2020இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்த நாவலைப் படித்து முடித்தவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன், ஏனென்றால் முடிவைத் தொடாமல் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. இனிமேல் படிக்க எண்ணியிருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

படித்து நாளானவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். ஆண்டு 1950. மெக்சிகோ நகரத்துச் செல்வந்தர் வீட்டுப் பெண் நொயெமி, புதிதாக மணமாகிப்போன தன் ஒன்றுவிட்ட அக்கா கத்தலீனாவிடமிருந்து வந்த குழப்பமான கடிதத்தின் பேரில், மலைமேல் இருக்கும் ‘ஹை பிளேஸ்’ என்னும் மாளிகைக்குப் போகிறாள். வெள்ளிச் சுரங்கத்தால் பணம் சேர்த்து, சுரங்கம் மூடப்பட்டபின் நொடித்துப்போன டாயில் என்னும் ஆங்கிலேயக் குடும்பத்தின் வீடு அது. சுவர்களுக்குள்ளும் தரைக்கு அடியிலும் கல்லறைத் தோட்டம் வரையிலும் ஒரு காளான் படர்ந்திருக்கிறது. அது நோயைத் தீர்க்கிறது, ஆயுளை நீட்டுகிறது, இறந்தவர்களின் நினைவுகளைச் சேர்த்து வைக்கிறது, வீட்டில் இருப்பவர்களை வெளியேற விடாமல் கட்டியும் போடுகிறது. குடும்பத் தலைவனான கிழவன் ஹோவர்ட், அதன் துணையால் ஓர் உடல் தேய்ந்ததும் தன் வாரிசின் உடலுக்குள் புகுந்து வாழ்ந்துகொண்டிருக்கிறான்.

காளான் என்பது காலனியாதிக்கத்தின் குறியீடு என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். நாவலும் அதற்கு இடம் கொடுக்கிறது. பூச்செடி வளர்ப்பதற்காக இங்கிலாந்திலிருந்து மண்ணையே பெட்டிகளில் வரவழைத்த குடும்பம் அது. உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பேசும் ஹோவர்ட், நொயெமியைச் சந்தித்தவுடனேயே அவளுடைய தோல் நிறத்தைக் கத்தலீனாவின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறான். ஆனால் இந்த விளக்கத்தில் ஓர் இடம் எனக்குப் பொருந்தவில்லை. காளானை ஹோவர்ட் உண்டாக்கவில்லை; ஒரு குகையில் கண்டெடுத்தான். அவன் கைக்கு வரும்வரை அதற்கு வஞ்சகமும் இல்லை, விருப்பமும் இல்லை. நோயைத் தீர்க்கும் ஓர் உயிர், அவ்வளவுதான். தீமையின் குறியீடாக அதை எடுத்துக்கொண்டால், அது குணப்படுத்துவதை என்ன செய்வது? இயற்கையின் குறியீடாக எடுத்துக்கொண்டால், அது அடிமைப்படுத்துவதை என்ன செய்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நொயெமி நிலவறையில் தீ வைக்கிறாள், வீடு எரிகிறது, மூவர் தப்பிக்கிறார்கள். எரித்துவிட்டால் தீர்ந்துவிடுமா? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, காகிதப்பூக் கொடி ஏற்றி, வாசலில் நின்று நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த வீதிகளில் வளர்ந்த வாசகர்களுக்கு ‘எரித்துவிட்டாள்’ என்ற முடிவு என்னவாகப் படுகிறது என்று அறிய விரும்புகிறேன்.

—

கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு விடை கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லுமுன் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹை பிளேஸ் மாளிகைக்குக் கீழே இருப்பதாக நாவலில் வரும் எல் த்ரியுன்ஃபோ கற்பனை ஊர்; அதற்கு முன்மாதிரி மெக்சிகோவின் ஈதால்கோ மாநிலத்தில் உள்ள ரியால் தெல் மோந்தே. 1824இல் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, அங்கிருந்த பழைய வெள்ளிச் சுரங்கங்களை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழிலாளர்களையும் நீராவி எந்திரங்களையும் கப்பலில் அனுப்பினார்கள். வந்து இறங்கியவர்களில் பலர் மலை ஏறுமுன்னரே வெராக்ரூஸ் கடற்கரையில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார்கள். இன்றும் அந்த ஊரில் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லறைகள் இங்கிலாந்து இருக்கும் திசையை நோக்கியே அமைக்கப்பட்டவை என்று சொல்வார்கள். கார்ன்வால்காரர்கள் சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டுபோன இறைச்சிப் பணியாரம் ‘பாஸ்தே’ என்ற பெயரில் அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரியால் தெல் மோந்தே கம்பெனியை முன்னின்று நடத்தியவர் ஜான் டெய்லர் என்னும் பொறியாளர். அவர் வழிவந்த ‘ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்’ நிறுவனம்தான் 1880 முதல் கோலார் தங்கவயலை நிர்வகித்தது. அங்கேயும் மேற்பார்வைக்குக் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள். ஆழத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள். என் தாய்வழி உறவினர்கள் அந்தத் தங்கவயலின் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள். மெக்சிகோவில் நடக்கும் கதை என்று நாவலைக் கையில் எடுத்த எனக்கு, அந்த மலையும் மூடிப்போன சுரங்கமும் மேட்டின் மேல் துரை வீடும் அயலூராகப் படவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹை பிளேஸின் கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலேயர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. கொள்ளைநோயில் கூட்டம் கூட்டமாக மடிந்த மெக்சிகத் தொழிலாளர்களுக்குக் கல் இல்லை. முதலில் இது பாகுபாட்டைக் காட்டும் ஒரு சாதாரணக் குறிப்புபோலத் தோன்றும். பிற்பாடு உண்மை தெரிகிறது: அந்த உடல்கள் காளானுக்கு எருவாகியிருக்கின்றன. அதாவது, உழைக்கும்வரை உழைப்பை எடுத்துக்கொண்ட வீடு, செத்த பிறகு உடலையும் எடுத்துக்கொள்கிறது. இதைப் படித்தபின் நாவலின் மற்றப் பொருள்கள் யாவும் இதை நோக்கியே திரும்புகின்றன. கண்ணாடி அலமாரியில் கறுத்துக் கிடக்கும் வெள்ளிப் பாத்திரங்களை நொயெமியும் டாயில் குடும்பத்து இளைஞன் பிரான்சிஸும் உட்கார்ந்து துலக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பேசிப் பழக இருவருக்கும் வாய்ப்பளிக்கும் மென்மையான காட்சி அது. ஆனால் அந்த வெள்ளி யார் தோண்டிய வெள்ளி, தோண்டியவன் இப்போது எங்கே கிடக்கிறான் என்று தெரிந்த பிறகு அதே பக்கங்களை மறுபடி படித்தால், துலக்கத் துலக்க வரும் பளபளப்பு நெஞ்சைப் பிசைகிறது.

ஆகவே காளான் தீமையும் அன்று, இயற்கையின் நன்மையும் அன்று என்பது என் எண்ணம். அது நிலத்தின் ஆற்றல். வெள்ளியைப் போலவே அதுவும் தோண்டி எடுக்கப்பட்டதுதான். அதை எப்படி வைத்துக்கொள்வது என்ற முறையைத்தான் ஹோவர்ட் கண்டுபிடித்தான், பிறர் உடலைப் போட்டு வளர்ப்பது என்ற முறை. காலனியாதிக்கத்தின் குறியீடு காளான் இல்லை. அந்த வளர்ப்பு முறை.

இரண்டாவது கேள்விக்கு நான் விடை தேடுவது நம் துறைமுகங்களில். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஏற்றி அனுப்பினார்கள். மஞ்சள் வீட்டுச் சுவர்களில் அவர்கள் பெயர் எதுவும் இல்லை. வீட்டை எரிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படம் எடுக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

—

காரைக்கால் மகள், லாஸ்பேட்டை

கெடிலக்கரை ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காளானுக்கு எரு இட்டது தொழிலாளர் உடல் என்றால், அதற்கு மனம் கொடுத்தது யார் என்பதை அவர் விட்டுவிட்டார். ஹோவர்டின் முதல் மனைவி ஆக்னஸை உயிரோடு நிலவறையில் புதைத்த பிறகுதான் காளானுக்கு நினைவு வந்தது. வீடு ஒரே மனமாக இயங்கத் தொடங்கியது. தொழிலாளியின் உடலும் பெண்ணின் மனமும் சேர்ந்துதான் அந்த மாளிகை. இரண்டில் ஒன்றைத் தனியாகப் பேசினால் நாவல் பாதியாகிவிடும்.

ஆக்னஸுக்குத் தோட்டத்தில் ஒரு கற்சிலை வைத்திருக்கிறார்கள். குடும்பத்தின் தாய் என்று மரியாதை செய்கிறார்கள். அந்தச் சிலைக்கு அடியில், கற்பலகைக்குக் கீழே, வாய் திறந்தபடி உறைந்த அவளுடைய உண்மையான உடலிலிருந்து காளான்கள் பூத்துக் கிளம்புகின்றன. நொயெமியின் கனவுகளில் பொன்னொளியாக வரும் பெண்ணுக்கு முகம் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். சிலையில் முகம் இருக்கிறது, ஆனால் அது அவளுடைய வேதனையின் முகம் இல்லை. கனவில் வேதனை இருக்கிறது, முகம் இல்லை. நொயெமி கீழே இறங்கிப் பார்க்கும்போதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. நாவலின் உச்சம் தீ அன்று, இந்தப் பார்வைதான் என்று நான் கருதுகிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. அணை நிற்பதற்காக, கோட்டைச் சுவர் நிற்பதற்காகப் பெண்ணைப் பலி கொடுத்த கதைகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. அநியாயமாகச் செத்த பெண்ணை அம்மனாக்கிப் பொங்கல் வைப்பதும் நம் வழக்கம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நம் நாட்டார் கோயிலில் கொடை நடக்கும்போது அவளை யார் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்பதை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் பாடுவார்கள். கொன்றவன் வம்சத்தார் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். டாயில் குடும்பமோ வணங்கிக்கொண்டே வாயை மூடிக்கொள்கிறது. சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது என்று, அந்த வீட்டை நிர்வகிக்கும் புளோரன்ஸ் நொயெமிக்குச் சொல்லும் சட்டம் வெறும் கண்டிப்பு இல்லை. அந்த வீட்டின் மதமே அதுதான்.

காரைக்காலில் பிறந்த எனக்கு இந்த நாவலைப் படிக்கும்போது ஓயாமல் நினைவுக்கு வந்தவர் காரைக்கால் அம்மையார். ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் அவருடைய கதையைப் பார்த்து வளர்ந்தவள் நான். கணவன் விலகிப்போனதும், அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று தசையை உதறி, பேயுருவைக் கேட்டுப் பெற்றுக்கொண்ட பெண் அவர். வற்றிய முலையும் குழிந்த வயிறும் நீண்ட பல்லுமாக, சுடுகாட்டில் இருந்துகொண்டு ஆலங்காட்டு ஆடலைப் பாடினார். அங்கே பயங்கரமான உருவம் ஒரு பெண் தானே விரும்பி எடுத்த விடுதலை. அந்த உருவத்துக்கு வாயும் பாட்டும் இருந்தன. ஆக்னஸின் மீது பயங்கரம் திணிக்கப்பட்டது. அவள் அலறல் சுவர்களுக்குள் ரீங்காரமாக மட்டுமே ஒலித்தது. இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெண்ணுடல் அச்சமூட்டுவது ஒன்றே கோதிக் என்னும் பழைய மாளிகைத் திகில் இலக்கியம் ஆகிவிடாது, அந்த உடல் யார் வசம் இருக்கிறது என்பதே கேள்வி என்பது விளங்கும்.

இதனால்தான் தீயைப் பற்றி எனக்கு வேறு எண்ணம். நொயெமி விளக்கை வீசுவது வீட்டின் மீது அன்று, ஆக்னஸின் மீது. காலங்காலமாக அடக்கமும் ஆகாமல், தகனமும் ஆகாமல், சாகவும் விடாமல் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு, இன்னொரு பெண் செய்த ஈமக்கடன் அது. கொள்ளி வைக்கும் உரிமையை ஆணுக்கு மட்டும் கொடுத்திருக்கும் நம்மிடையே அந்தக் காட்சி எப்படித் தைக்கிறது என்பதை உங்கள் கூட்டத்தில் பேசுங்கள். வீடு எரிந்தது அதன் பின்விளைவு.

தன் வாலைத் தானே விழுங்கும் பாம்புச் சின்னத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியில், கல்லறையில் என்று திரும்பிய இடமெல்லாம் அதை வைத்து நாவலே விளக்கிவிடுகிறது. உரையில் அதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம்.

—

சுண்ணாம்புக் காரை, புதுச்சேரி

நான் இலக்கியம் படித்தவன் அல்லன். பழைய வீடுகளைச் செப்பனிடும் பணியில் இருப்பவன். சுவர்களைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இந்த நாவலில் சுவரும் ஒரு பாத்திரம்தான்.

நொயெமியின் குடும்பத் தொழில் சாயமும் வண்ணமும். அதனால்தான் அறையின் சுவர்த்தாளில் பூஞ்சணத்தைப் பார்த்ததும், பேய் என்று எண்ணுமுன் அவளுக்கு ஆர்சனிக் நினைவுக்கு வருகிறது. இது வரலாற்றில் நடந்தது. 1775இல் கார்ல் ஷீலே என்னும் வேதியியலாளர் கண்டுபிடித்த ஆர்சனிக் கலந்த பச்சை வண்ணம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவர்த்தாள், திரைச்சீலை, செயற்கைப் பூ என எங்கும் நுழைந்துவிட்டது. ஈரச் சுவரில் ஒட்டிய தாளில் பூஞ்சை பிடித்தால் அது ஆர்சனிக்கை வாயுவாக மாற்றி வெளியிடுகிறது என்பதை 1890களில் கோசியோ என்னும் இத்தாலிய மருத்துவர் காட்டினார். அந்த வாயுவுக்குப் பூண்டு வாசனை உண்டு. ஆட்களைக் கொல்லும் அளவுக்கு அது நச்சுத்தன்மை கொண்டதா என்பதை இக்கால ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் நாவலுக்கு அதனால் குறையொன்றும் இல்லை. ஒரு படித்த பெண் அறிவியலைக் கொண்டு பயத்தை விளக்கப் பார்க்கிறாள். அந்த விளக்கம் பாதி சரியாகவும் இருக்கிறது. சுவரிலிருந்து ஏதோ ஒன்று காற்றில் கலந்து மூளையைப் பாதிக்கிறது என்ற அளவில் அவள் கணிப்பு தப்பவில்லை. பேய்க்கதையில் அறிவு முழுத் தோல்வி அடையாமல் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடற்கரைக்குப் பக்கத்து வீடுகளில் ஓதம் எப்படி ஏறுகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி, தன் பரப்பின் வழியே மெல்ல வெளியே விடும். அழகாக இருக்க வேண்டுமென்று அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பளபளப்பான வண்ணமும் அடித்துவிட்டால் ஈரத்துக்கு வழி அடைபடும். அது சுவருக்குள்ளேயே மேலேறி, இடுப்பளவில் இருந்த கறை தலையளவுக்குப் போகும். ஓரிரு மழைக்காலம் கழித்துப் பூச்சு உப்பிக்கொண்டு வரும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். விரலால் நெம்பினால் வெள்ளை உப்பும் கறுத்த பூஞ்சணமும் தூளாகக் கொட்டும். அப்போதும் வீட்டுக்காரர்கள் கேட்பது, இதன்மேல் இன்னொரு பூச்சு பூசிவிட முடியாதா என்பதுதான்.

நொயெமியின் கனவில் சுவர் துடிப்பதையும் தாளுக்குப் பின்னால் ஏதோ அசைவதையும் படித்தபோது, இதை எழுதியவர் ஈரமான வீட்டை அறிந்தவர் என்று தோன்றியது. 1892இல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையை இதனோடு சேர்த்துப் படிக்கும்படி நண்பர் ஒருவர் சொன்னார். ஓய்வு என்ற பெயரில் ஓர் அறைக்குள் அடைக்கப்பட்ட பெண், சுவர்த்தாளுக்குப் பின்னால் இன்னொரு பெண் அடைபட்டிருப்பதைக் காண்கிறாள். கத்தலீனாவுக்குக் காசநோய் என்று சொல்லி, குடும்ப மருத்துவரின் மருந்தைக் கொடுத்து, படுக்கையிலேயே வைத்திருப்பதும் அதே ஓய்வுதான். அங்கே நோயாளியின் கற்பனை என்று வாசகர் ஐயப்படலாம். இங்கே சுவருக்குள் உண்மையாகவே ஒரு பெண் இருக்கிறாள் என்பதுதான் புதிய நாவல் வைக்கும் அடி.

எரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஓதம் ஏறிய சுவரை இடிக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். மேலே அடைத்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் காற்றுப்பட்டு உலரும்வரை அப்படியே விட வேண்டும். அது நாளாகும்; பார்ப்பதற்கு அசிங்கமாகவும் இருக்கும். அந்தக் காலத்தைப் பொறுத்துக்கொள்ளும் உரிமையாளர்கள் குறைவு.

—

முதுநகர் வாசகி, கடலூர்

மூவருக்கும் நன்றி. ஈமக்கடன் என்ற பார்வையை உரையின் நடுவில் வைக்கப்போகிறேன். ஒரு செய்தியை மட்டும் இதனோடு சேர்க்க வேண்டும் என்று படுகிறது. அது திருமணத்தைப் பற்றியது.

டாயில் குடும்பத்தார் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்வதை நாவல் அச்சத்தின் அடையாளமாக வைக்கிறது. இந்தக் கதையை என் தாயாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஹோவர்டின் மகள் ரூத்துக்கும் அவள் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறையாகிற மைக்கேலுக்கும் திருமணம் பேசியிருந்தார்கள் என்றேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் நிமிர்ந்து, “அத்தை மகனா, சித்தப்பா மகனா?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் அதைப் பிரித்துச் சொல்வதில்லை என்றேன். “அத்தை மகன் என்றால் முறைதானே, அதிலென்ன பயம்? சொத்து வெளியே போகக் கூடாதென்று செய்திருப்பார்கள்” என்றார். இதைவிடத் தெளிவாக அந்தக் குடும்பத்தை யாரும் விளக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். ஐரோப்பியக் கோதிக் மரபில் நெருங்கிய உறவுக்குள் திருமணம் என்றாலே வாசகருக்குக் கூச்சம் எழும். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் கூச்சம் எழாது. அதனால் நாம் எதையும் இழக்கவில்லை. கூச்சம் விலகியதும் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு தெரிகிறது: நிலமும் சுரங்கமும் ‘இரத்தமும்’ ஒரே கையில் இருக்க வேண்டும். நல்ல இரத்தத்தைப் பெருக்குவது என்ற பெயரில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1883இல் பெயர் சூட்டிய இனமேம்பாட்டுக் கொள்கையை ஹோவர்ட் பேசும்போது, அவன் அறிவியல் பேசவில்லை, சொத்துப் பேசுகிறான். இந்தக் கொள்கை ஆசிரியருக்கு வெறும் அலங்காரம் அன்று. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் எழுத்தில் இனமேம்பாட்டுச் சிந்தனையும் பெண்களும் என்பதைத்தான் அவர் தம் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

ரூத் காதலித்தது பெனிட்டோ என்னும் சுரங்கத் தொழிலாளியை. அவன் காணாமல் போகிறான். அவள் துப்பாக்கியை எடுத்துக் குடும்பத்தாரைச் சுட்டுவிட்டுத் தானும் சாகிறாள். வருந்தவில்லை என்ற அவளுடைய குரல் வீட்டுக்குள் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. இதைக் கடலூர் மாவட்டத்தில் உட்கார்ந்து படிப்பவர்களால் வெறும் பழைய மாளிகைக் கதையாகப் படிக்க முடியாது. விருத்தாசலத்துக்கு அருகே 2003இல் சாதி மறுத்து மணந்த இருவரை நஞ்சூட்டிக் கொன்ற வழக்கில், கடலூர் நீதிமன்றம் 2021இல்தான் தீர்ப்பு வழங்கியது. காணாமல் போன காதலனைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தும் யாரும் பேசாமல் இருப்பது எப்படி என்பதற்கு நமக்கு மெக்சிகோவரை போக வேண்டியதில்லை. நாவலில் அதைப் பேசுபவர் மார்த்தா துவால் என்னும் மருத்துவச்சி, வீட்டுக்கு வெளியே, ஊருக்குள் இருப்பவர். அந்த வீட்டின் கதை வீட்டுக்குள் யாரிடமும் முழுமையாக இல்லை.

கெடிலக்கரை ஐயாவிடம் ஒரு கேள்வி. தீ என்பது ஈமக்கடன் என்றால், கல்லில்லாத தொழிலாளர்களுக்கும் அது போய்ச் சேருகிறதா?

—

கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

போய்ச் சேரவில்லை என்பதே என் விடை; நாவலின் மீது எனக்குள்ள குறையும் அதுதான். காரைக்கால் மகள் சொன்ன ஈமக்கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆக்னஸுக்குப் பெயர் இருக்கிறது, சிலை இருக்கிறது, கடைசியில் தீயும் கிடைக்கிறது. எருவான தொழிலாளர்களில் கதைக்குத் தேவைப்பட்ட ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் கூட்டமாகவே வந்து கூட்டமாகவே போகிறார்கள். காளானின் நினைவில் ஹோவர்டும் ரூத்தும் ஆக்னஸும் குரலோடு இருக்கிறார்கள்; அதே காளான் தின்ற தொழிலாளிகளின் குரல் ஏன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை? அவர்கள் உடலும் அதே மண்ணில்தானே இருக்கிறது? நொயெமியின் கனவுகளில் ஒரே ஒரு தொழிலாளியின் நினைவு குறுக்கிட்டிருந்தால், இந்த நாவல் இன்னும் பெரிய உயரத்துக்குப் போயிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அதே சமயம், எரித்ததோடு எல்லாம் தீர்ந்தது என்று நாவல் சொல்லவில்லை என்பதையும் உரையில் சொல்லுங்கள். தப்பித்த மூவரில் பிரான்சிஸ் டாயில் குடும்பத்துப் பிள்ளை. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைச் சுவாசித்தவன். காளான் தன் உடலில் இருக்கிறது என்று அவனே அஞ்சுகிறான். வீடு போய்விட்டது, இரத்தத்தில் இருப்பது போகவில்லை. நொயெமி அதைத் தெரிந்துகொண்டே அவனை ஏற்றுக்கொள்கிறாள். சுண்ணாம்புக் காரை நண்பர் சொன்னதுபோல், பூச்சைக் கொத்திவிட்டுச் சுவரை உலர விடுகிற காலம் அவர்களுக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

கூட்டத்தில் ஒரு பகுதியை வாசிப்பதாக இருந்தால், கல்லறைத் தோட்டத்தில் நொயெமி தொழிலாளர்களின் கல்லறை எங்கே என்று கேட்கும் இடத்தை வாசியுங்கள். இறுதிக்காட்சியைவிட அதில்தான் நாம் இங்கே பேசியது முழுவதும் அடங்கியிருக்கிறது. முடிவு தெரியாதவர்களும் உடன் இருந்து கேட்கலாம்.